கோமாட்டி: ஒரு மின்நிலையம், மூன்று பில்

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தில் மொத்தம் ஒன்பது யூனிட், அதாவது மின்சாரம் எடுக்கும் ஒன்பது இயந்திரத் தொகுதிகள். தென்னாப்பிரிக்காவின் கோமாட்டியிலும் ஒன்பது. நெய்வேலியில் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது 1962-இல், கோமாட்டியில் 1961-இல். ஒன்றின் சாம்பல் படிந்த மாமரங்களுக்கு அடியில் வளர்ந்தேன். இன்னொன்றிலிருந்து அரை மணி நேர கார் பயணத்தில் இருக்கும் மிடெல்பர்க்கில் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். வேலை வேறொரு மின்நிலையத்தில், ஷட்டவுன் பிளானிங் பிரிவில். எந்த யூனிட்டை எப்போது நிறுத்துவது, எந்தக் குழாயை மாற்றுவது, அதற்கு எத்தனை வெல்டர் வேண்டும் என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். அதனால் கோமாட்டியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் காது அந்தப் பக்கம் போய்விடும்.

2023 ஆடியில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு வீட்டில் கூழ் ஊற்றினார்கள். இங்கே பிறந்த தமிழர்கள் அதை ‘போரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள். முதல் தடவை கேட்டபோது சிரிப்பு வந்தது, அப்புறம் பழகிவிட்டது. நம் ஊரில் ஆடி என்றால் காற்று, இங்கே கடுங்குளிர். ஸ்வெட்டருக்கு மேல் மஞ்சள் சேலை கட்டிய பெண்கள், கொல்லையில் விறகடுப்பு, பெரிய பானை. மாவு கரைக்கிற நேரம் பார்த்து கரண்ட் போனது. ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் லோட்ஷெட்டிங் அட்டவணை அப்போது எல்லார் செல்போனிலும் இருந்தது. இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம். விறகடுப்புக்கு எஸ்காம் என்ற அரசு மின்சாரக் கம்பெனி தேவையில்லை.

இருட்டில் பேச்சு எங்கே போகும்? கணக்காளராக வேலை பார்க்கும் ஒரு பையன் ஆரம்பித்தான். கோமாட்டி மாதிரி பழைய நிலையங்களுக்கு அரசாங்கம் ஒழுங்காகக் காசு கொடுத்து நவீனப்படுத்தியிருந்தால் இந்த இருட்டே வந்திருக்காது, வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்டு மூடிவிட்டார்கள் என்றான். பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் சத்தமாகச் சிரித்தார்.

“காசு கொடுத்தாங்களே தம்பி. அந்தக் காசுலதான் நான் என் முதல் பக்கி வாங்கினேன்.”

பக்கி என்றால் இங்கே பின்பக்கம் திறந்த சின்ன வண்டி. அண்ணன் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் பிறந்த பாய்லர்மேக்கர், பாய்லர் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் தொழில். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்னையில் கப்பலேறி வந்தவர். ஆயாவிடம் கற்ற தமிழ் ஐம்பது அறுபது வார்த்தை அவரிடம் மிச்சம் இருக்கிறது, மற்றதெல்லாம் ஆங்கிலம். அவர் சொன்னதை நான் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். கோமாட்டியைத் திரும்ப ஓடவைத்த வேலையில் அவர் இருந்தார். பையனுக்கு அது தெரியாது. கோமாட்டி ஒரு தடவை ஏற்கெனவே மூடப்பட்ட நிலையம் என்பதே தெரியாது. அன்று இருட்டில் அரைகுறையாகச் சொன்னதை ஒழுங்காக எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இது.

முதல் பில்

கோமாட்டி இருப்பது ம்புமலாங்கா மாகாணத்தில், மிடெல்பர்க்குக்கும் பெத்தலுக்கும் நடுவில். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்களும் மக்காச்சோளக் காடும். ஐந்து யூனிட் தலா 100 மெகாவாட், நான்கு யூனிட் தலா 125 மெகாவாட், ஆக மொத்தம் 1,000. 1961-இல் தொடங்கி 1966-க்குள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டன. அந்தக் கட்டுமானச் செலவைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. போட்ட காசை கால் நூற்றாண்டு ஓடி எடுத்துக் கொடுத்துவிட்ட நிலையம் அது.

பிறகு நடந்ததுதான் விசேஷம். எண்பதுகளின் கடைசியில் நாட்டில் மின்சாரம் மிதமிஞ்சி இருந்தது. பெரிய பெரிய நிலையங்களை அளவுக்கு மேல் கட்டிவிட்டார்கள். அதனால் 1988-இல் கோமாட்டியின் மூன்று யூனிட்டுகளை நிறுத்தினார்கள், 1990-இல் முழுவதையும். கேம்டன், குரூட்ஃப்ளே என்ற இன்னும் இரண்டு பழைய நிலையங்களுக்கும் அந்தக் காலத்தில் அதே கதி. எதையும் இடிக்கவில்லை. பெரிய பாத்திரத்தைத் துடைத்துப் பரணில் ஏற்றுவது மாதிரி ஏற்றி வைத்தார்கள்.

1994-இல் ஆட்சி மாறியபோது நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குத்தான் மின்சாரம் இருந்தது. புது அரசு கம்பம் நட்டுக் கம்பி இழுத்து வீடு வீடாகக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் உபரி எத்தனை நாள் தாங்கும்? 1998-இல் அரசின் எரிசக்திக் கொள்கை வெள்ளை அறிக்கையே பதில் சொல்லிவிட்டது: புது நிலையம் கட்டாவிட்டால் 2007 வாக்கில் கையிருப்பு தீர்ந்துவிடும். வருடம் உட்பட அச்சில் இருந்தது. இருந்தும் எஸ்காமைக் கட்டவிடவில்லை. தனியார் முதலீட்டாளர்கள் வந்து கட்டுவார்கள் என்று காத்திருந்தார்கள். உலகத்திலேயே மலிவான மின்கட்டணங்களில் ஒன்று இருந்த நாட்டில் எந்தத் தனியார் வந்து பணம் போடுவான்? 2004-இல்தான் மனசு மாறியது. 2007 டிசம்பரில் அதிபர் எம்பெகி, எஸ்காம் சொன்னது சரி, அரசுதான் தவறு செய்தது என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆட்சியில் இருப்பவர் அப்படிச் சொல்வது அபூர்வம். அதற்காக பாய்லர் எரியாது.

2008 ஜனவரியில் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்தது. மழையில் நனைந்த நிலக்கரி, குறைந்த கையிருப்பு, பழுதான யூனிட்டுகள். ஜனவரி 25 அன்று பெரிய தங்கச் சுரங்கங்களே வேலையை நிறுத்தின, பல நாள் திறக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்கம் நிற்பது என்றால் தஞ்சாவூரில் ஆறு வற்றுவது மாதிரி.

இரண்டாவது பில்

பரணில் இருந்த பாத்திரங்களின் ஞாபகம் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தது. கேம்டன், குரூட்ஃப்ளே, கோமாட்டி மூன்றையும் திரும்ப ஓடவைப்பது என்று முடிவு. மூன்றும் சேர்ந்தால் ஏட்டளவில் 3,800 மெகாவாட். கோமாட்டியில் முதல் யூனிட் 2008-இல் திரும்ப வந்தது, வேலை 2013 வரை இழுத்தது.

பதினெட்டு வருடம் அணைந்து கிடந்த பாய்லரைப் பற்ற வைப்பது எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். பாய்லர் என்பது அடுப்பு இல்லை, கிலோமீட்டர் கணக்கில் வளைந்து நெளிந்து போகும் குழாய்க் கூட்டம். உள்ளே தண்ணீரும் நீராவியும், வெளியே தீ. ஓடும்போது குழாய் தேய்வது ஒரு விதம். ஓடாமல் கிடக்கும்போது உள்ளே ஈரம் நின்று அரிப்பது இன்னொரு விதம், அது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு குழாயிலும் கருவியை வைத்துச் சுவர்த் தடிமன் அளக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து வெல்டிங், அப்புறம் எக்ஸ்ரே. நூறு வெல்டில் ஒன்று சரியில்லை என்றாலும் தண்ணீரை அழுத்தி நிரப்பிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டில் அந்த ஒன்றுதான் கசியும்.

“டியூப் தம்பி, கனவுலயும் டியூப்,” என்றார் அண்ணன். “ராத்திரி தூங்கும்போது ஆயா வந்து தோசை சுடறா, அதைக்கூட அல்ட்ராசானிக்ல அளந்து பாக்கறேன்.”

டர்பைன் இன்னொரு தலைவலி. பிளேடு ஒவ்வொன்றையும் விரிசல் பார்க்க வேண்டும், ஜெனரேட்டர் சுருளின் காப்பு உலர்ந்து பொடிந்திருக்கும். அறுபதுகளின் நிலையங்களில் கட்டுப்பாடு முழுக்கக் காற்றழுத்தத்தில் ஓடும் கருவிகள். அதற்கு உதிரி செய்யும் கம்பெனியே இப்போது இருக்காது, ஆகவே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுக்கு மாற வேண்டும். இன்னொரு விஷயம், இதை எல்லா ஊர்களிலும் பார்த்திருக்கிறேன்: மூடிக் கிடக்கும் நிலையம் பக்கத்து நிலையங்களுக்கு இலவச உதிரிக்கடை. அவசரத்துக்கு ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போவார்கள், திருப்பி வைக்க யாருக்கும் நேரம் இருக்காது. இருபது வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் பட்டியலில் இருப்பது பாதி இடத்தில் இருக்காது.

இத்தனையும் செய்து கையில் கிடைப்பது என்ன? அறுபதுகளின் வடிவமைப்புள்ள சின்ன யூனிட். எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்கினாலே அதிசயம். மிக உயர்ந்த அழுத்தத்தில் ஓடும் இன்றைய சூப்பர்கிரிட்டிக்கல் நிலையம் ஐந்தில் இரண்டு பங்கை நெருங்கும். குழாயைப் புதிதாகப் போடலாம், வடிவமைப்பைப் புதிதாகப் போட முடியாது. நவீனமயம் என்று அரசாங்க அறிக்கைகளில் வரும் சொல் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறது: பழைய வண்டிக்குப் புது டயர்.

காசு எங்கிருந்து வந்தது? 2008 பட்ஜெட்டில் அரசு எஸ்காமுக்கு 6,000 கோடி ராண்ட் (இந்த நாட்டு நாணயம்) கடன் கொடுப்பதாக அறிவித்தது. அதற்கு மேல் எஸ்காம் வெளியே வாங்கும் கடன்களுக்கு 35,000 கோடி ராண்ட் வரை உத்தரவாதம். பெரும்பகுதி மெடுபி, குசிலே என்ற இரண்டு ராட்சத நிலையங்களைக் கட்டுவதற்கு. கோமாட்டி பெயரில் தனியாக ஒரு செக் வரவில்லை, எல்லாம் எஸ்காம் என்ற ஒரே பைக்குள் போனது. 2015-இல் அந்தக் கடனை அரசு பங்கு முதலாக மாற்றிக்கொண்டது. தம்பிக்குக் கொடுத்த கைமாற்றை ஒரு கட்டத்தில் சீர் என்று எழுதிவிடுவோமே, அதே கணக்கு. கூடவே இன்னொரு 2,300 கோடி ராண்ட் பங்கு முதல், வோடகாம் கம்பெனியில் அரசுக்கு இருந்த பங்கை விற்று.

இந்த இரண்டாவது பில்லை நான் குறை சொல்ல மாட்டேன். சுரங்கம் நிற்கிற நாட்டில் எந்த மெகாவாட்டும் கசக்காது. என் குறை வேறு. ஐம்பது வயது நெருங்கும் இயந்திரத்துக்குப் புதுக் குழாய் போடும்போதே அது இன்னும் பத்துப் பதினைந்து வருடம்தான் ஓடும் என்று பாய்லர்மேக்கர் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் மூடும் வருடமும் அன்றே தெரியும். அந்த வருடத்தை அதே ஃபைலில் எழுதி, அதற்கும் ஒரு தொகை ஒதுக்கியிருக்கலாம்.

மூன்றாவது பில்

2022 அக்டோபர் 31. அதற்குள் ஒவ்வொரு யூனிட்டாக ஓய்வுபெற்று, ஓடிக்கொண்டிருந்தது ஒன்பதாம் யூனிட் மட்டும். அன்று அதையும் நிறுத்தினார்கள்.

கூழ்ப்பானைப் பையனுக்கு இங்கே ஒரு கணக்கு. லோட்ஷெட்டிங்கில் ஒரு ஸ்டேஜ் என்றால் 1,000 மெகாவாட் பற்றாக்குறை. கோமாட்டியில் கடைசியாக ஓடிய யூனிட்டின் முழுத் தகுதி 125. அந்த வருடம் ஸ்டேஜ் ஆறு வரை போனோம். கோமாட்டி ஓடியிருந்தாலும் லெனேசியாவில் அன்று கூழ் இருட்டில்தான் கொதித்திருக்கும். மூடியதால் நாட்டுக்கு நஷ்டம் மிகக் கொஞ்சம், ஊருக்குத்தான் நஷ்டம்.

மூடிய அடுத்த மாதம், அதாவது நவம்பரில், உலக வங்கி 49.7 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பெரும்பங்கு கடன், கூடவே கனடாவின் நிதியிலிருந்து சலுகைக் கடனும், வேறொரு நிதியிலிருந்து ஒரு கோடி டாலர் மானியமும். திட்டம் படிக்க நன்றாக இருக்கும்: பழைய நிலையத்தைக் கழற்றி எடுப்பது, அதே இடத்தில் 150 மெகாவாட் சூரிய மின்சாரம், 70 மெகாவாட் காற்றாலை, 150 மெகாவாட் பேட்டரி, ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி. இப்படி இடத்தைத் திரும்பப் பயன்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. மின்நிலையத்தில் விலைமதிப்புள்ளது பாய்லர் மட்டுமில்லை. வெளியே போகும் உயர் அழுத்தக் கம்பித்தடம், டிரான்ஸ்ஃபார்மர் யார்டு, நிலம், தண்ணீர் எல்லாம் அங்கேயே இருக்கிறது. சூரியத் தகடு போட இடம் எங்கும் கிடைக்கும், கம்பித்தடம் எங்கும் கிடைக்காது.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். பாய்லர் அணைந்தது அக்டோபரில், கடனுக்கு ஒப்புதல் நவம்பரில். மூடிய நாளில் அங்கே ஒரு காற்றாலை சுழலவில்லை. எஸ்காமின் நிரந்தர ஊழியர்களை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை, மற்ற நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்றல் என்று ஒன்று கிடையாது, ஒப்பந்தம் முடிந்தால் கேட் பாஸ் முடிந்தது. இரண்டு பேரும் போனபின் அவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டவர், மத்தியானம் சாப்பாடு விற்றவர், வேன் ஓட்டியவர் எல்லாருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. அதிபரின் காலநிலை ஆணையமே 2023-இல் கோமாட்டியை ஆராய்ந்து, ஊரோடு பேசிய விதமும் மாற்று வேலைக்கான ஏற்பாடும் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தது. மின்சாரத் துறை அமைச்சர் ராமோகோபாவும் மூடிய விதத்தைக் கடுமையாக விமர்சித்தார்.

நெய்வேலி ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? சோவியத் உதவியோடு கட்டிய முதல் நிலையத்துக்குத் தொண்ணூறுகளில் ஆயுள் நீட்டிப்பு வேலை செய்தார்கள். அப்பா அந்த நாட்களில் வீட்டுக்கு வருவதே அபூர்வம். பின்னாளில் அதற்கு மாற்றாக 1,000 மெகாவாட் புது நிலையம் அதே ஊரில் எழுந்தது. புதியதின் முதல் யூனிட் 2019 கடைசியில் ஓட ஆரம்பித்தது, பழையது 2020 செப்டம்பரில் நின்றது. நெய்வேலி ஒன்றும் சொர்க்கம் இல்லை. நிலம் கொடுத்தவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளிகளையும் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். புதியதும் பழுப்பு நிலக்கரிதான், புகை புகைதான். ஆனாலும் டீக்கடைக்காரர் கடையைக் காலி செய்ய வேண்டி வரவில்லை.

பெரிய பில்

கோமாட்டியை மட்டும் பார்த்தால் படம் பாதிதான். 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதி அமைச்சர் கொடொங்வானா ஓர் எண் சொன்னார்: 25,400 கோடி ராண்ட். எஸ்காமின் அன்றைய மொத்தக் கடன் 42,300 கோடி. அதில் பாதிக்கு மேல் அரசு சுமப்பதாக அறிவிப்பு. முதல் வருடம் 7,800 கோடி, அடுத்த வருடம் 6,600 கோடி, மூன்றாம் வருடம் 4,000 கோடி, கடைசியில் 7,000 கோடி ராண்ட் கடனை அரசே தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது. 2025-இல் அந்தக் கடைசிப் பகுதியைச் சுருக்கி மொத்தத்தை 23,000 கோடியாக்கினார்கள்.

இந்தத் தடவை காசோடு கயிறும் வந்தது. நிதி அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் புதுக் கடன் வாங்கக் கூடாது. மூலதனச் செலவு முக்கியமாக மின்தடத்துக்கும் விநியோகத்துக்கும்தான். மின் உற்பத்தியில் பராமரிப்பு, மாசுக் கட்டுப்பாடு போன்ற சில இனங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. நிலக்கரி நிலையங்கள் அத்தனையையும் வெளி நிபுணர்களை வைத்து ஆராய வேண்டும், அவர்கள் சொல்வதை நடைமுறைப்படுத்த வேண்டும். ஜெர்மனியின் விஜிபிஇ அமைப்பு தலைமையிலான குழு வந்து நிலையம் நிலையமாகப் பார்த்தது. 2024-இல் அறிக்கை வெளியானபோது எங்கள் கேன்டீனில் அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. இயந்திரங்களைவிட நிர்வாக அமைப்பைத்தான் அது அதிகம் குறை சொன்னது. அடுக்கடுக்கான மேலாண்மை, நிலைய மேனேஜர் கையில் அதிகாரம் இல்லாமை, தரமான பராமரிப்பு இல்லாமை. வெளிநாட்டுக்காரன் வந்து எங்கள் ஃபோர்மேன் சொல்வதை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான் என்று ஒருத்தர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஃபோர்மேன் சொன்னால் பட்ஜெட் உரையில் ஏறாதே.

இங்கே ஓர் எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது. நிலையங்களின் மொத்தத் தகுதியில் எவ்வளவு உண்மையில் ஓடத் தயாராக இருக்கிறது என்ற விகிதம். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் எஸ்காமுக்கு அது 55 சதவீதத்தைத் தொடவில்லை. அதாவது நூறு மெகாவாட் கட்டி வைத்து 45-ஐப் படுக்கையில் போட்டிருக்கிறோம். அடுத்த நிதியாண்டில் 60-ஐத் தாண்டியது. 2024 மார்ச் கடைசியில் லோட்ஷெட்டிங் நின்று பத்து மாதம் வரவே இல்லை. 2025 மார்ச்சில் முடிந்த வருடத்துக்கு எஸ்காம் எட்டு வருடத்தில் முதல் தடவையாக லாபம் காட்டியது, 1,600 கோடி ராண்ட்.

இதில் எது எதனால் என்று சண்டை போடலாம். குசிலேயின் யூனிட்டுகள் திரும்ப வந்தன. பணக்கார வீடுகளும் கடைகளும் கூரையில் சூரியத் தகடு போட்டுக்கொண்டு எஸ்காமிடம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டன. கட்டணம் 2023-இல் 18.65 சதவீதமும் அடுத்த வருடம் 12.74 சதவீதமும் ஏறியது, அந்த லாபத்தில் எங்கள் வீட்டு மீட்டரின் பங்கும் இருக்கிறது. என் மேஜையிலிருந்து தெரிந்த மாற்றம் வேறு, அது செய்தியில் வராது: கேட்ட தேதியில் ஷட்டவுன் கிடைத்தது. முன்பெல்லாம் ஒரு யூனிட்டுக்கு அறுபது நாள் ஓவர்ஹாலிங் என்று திட்டம் போட்டு, உதிரிக்கு ஆர்டர் கொடுக்க நிற்கும்போது, நாட்டில் கரண்ட் இல்லை, தள்ளிப் போடு என்பார்கள். தள்ளிப்போட்ட யூனிட் இரண்டு மாதத்தில் தானாகவே ட்ரிப் ஆகும். அப்போது உதிரி இருக்காது, அறுபது நாள் நூற்று இருபது ஆகும். கடன் வட்டி குறைந்து கையில் கொஞ்சம் ரொக்கம் நின்றபோது டர்பைன் ரோட்டர் மாதிரி ஒரு வருடம் முன்பே சொல்லி வைக்க வேண்டிய சாமான்களுக்கு முன்பணம் போனது. நவீனமயம் என்ற பெரிய வார்த்தைக்குள் அடங்காத, ரிப்பன் வெட்ட முடியாத காசு. நான் பார்த்தவரை அதுதான் அதிக மெகாவாட் கொடுத்தது.

புகைபோக்கி

நவீனமயக் காசில் சண்டைக்குரிய பங்கு புகைபோக்கிக்குப் போவது. சாம்பலைப் பிடிக்க வடிகட்டிப் பைகளோ மின்னேற்றத் தகடுகளோ போதும். கந்தக டை ஆக்சைடைப் பிடிக்க நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ரசாயனத் தொழிற்சாலையே கட்ட வேண்டும். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் கரைத்துப் புகையில் தெளித்தால் கந்தகம் ஜிப்சமாகப் படியும். சுண்ணாம்புக் கல் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஜிப்சத்தைக் கொட்ட இடம் வேண்டும், நிலையத்தின் மின்சாரத்திலேயே ஒரு பங்கு அதற்குப் போகும். ஒரு மெகாவாட்கூடக் கூடாது. அதனால் அதற்குக் காசு கேட்பவனுக்கு எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் இல்லை.

மெடுபிதான் இதற்கு உதாரணம். 2010 ஏப்ரலில் உலக வங்கி எஸ்காமுக்கு 375 கோடி டாலர் கடன் கொடுத்தது, பெரும்பங்கு மெடுபிக்கு. அமெரிக்காவும் பிரிட்டனும் அந்த ஓட்டெடுப்பில் ஒதுங்கி நின்றன. கந்தகம் நீக்கும் அமைப்பைப் பின்னால் பொருத்த வேண்டும் என்பது கடனின் நிபந்தனைகளில் ஒன்று. ஆறு யூனிட்டில் கடைசியானது 2021 ஜூலை கடைசியில் முறைப்படி ஓட்டத்துக்கு வந்தது. அடுத்த வாரமே நான்காம் யூனிட்டின் ஜெனரேட்டர் வெடித்தது, ஹைட்ரஜனை வெளியேற்றும்போது காற்று கலந்துவிட்டது. அதைச் சரிசெய்து திரும்ப ஓடவைக்க 2025 ஆகிவிட்டது. கந்தகம் நீக்கும் அமைப்பு மட்டும் இன்னும் காகிதத்தில். இதில் எஸ்காமை மட்டும் திட்டிப் பயனில்லை. லிம்போபோவின் அந்த வறண்ட மூலைக்குத் தண்ணீரே வேறு ஆற்றிலிருந்து குழாயில் வர வேண்டும். ஆனால் கடன் கொடுத்தபோதும் அந்த மூலை வறண்டுதான் இருந்தது.

குசிலேயில் அமைப்பைக் கட்டும்போதே வைத்தார்கள், தென்னாப்பிரிக்காவிலேயே முதல் நிலையமாக. 2022 அக்டோபரில் அந்தப் புகைபோக்கிக் குழாயின் ஒரு பகுதி இடிந்து மூன்று யூனிட் நின்றது. கோமாட்டியை மூடியதற்கு எட்டு நாள் முன்னால். கோமாட்டி 125, குசிலேயில் போனது 2,000-க்கு மேல். எது தலைப்புச் செய்தியாக மனதில் நின்றது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. அடுத்த வருடம் கந்தகம் நீக்காமலே புகையை விடும் தற்காலிகப் புகைபோக்கிகளுக்குச் சுற்றுச்சூழல் துறை அனுமதி கொடுத்தது, யூனிட்டுகள் திரும்ப ஓடின. வெளிச்சமா மூச்சா என்று கேட்டால் வெளிச்சம் என்று நாடே சொன்ன மாதிரி. அந்த வாரம் எங்கள் வீட்டிலும் கரண்ட் போகாததைக் கொண்டாடத்தான் செய்தோம்.

கோமாட்டியும் மற்ற நிலக்கரி நிலையங்களும் நிற்கும் இந்தப் பீடபூமியை 2007-லேயே காற்று மாசுக்கான முன்னுரிமைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டது. 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், இந்தக் காற்று மக்களின் அரசியலமைப்பு உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. எல்லா நிலையங்களையும் மாசு வரம்புக்குள் கொண்டுவர 30,000 கோடி ராண்ட் ஆகும், வரம்பை உடனே அமல்படுத்தினால் 16,000 மெகாவாட்டை அணைக்க வேண்டி வரும் என்பது எஸ்காம் வைத்த கணக்கு. 2025 மார்ச் 31 அன்று எட்டு நிலையங்களுக்கு, நிபந்தனைகளோடு, வரம்பிலிருந்து தற்காலிக விலக்கு கிடைத்தது. 30,000 கோடி என்ற எண்ணை எஸ்காமின் மொத்தக் கடன் நிவாரணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் மூடப் போகிற நிலையத்துக்கு அந்தக் காசைப் போடுவதா என்ற கேள்வி நியாயமானது. மூடப் போகிறோம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டால்தான் அது நியாயம். அதையும் சொல்வதில்லை.

கேம்டன், குரூட்ஃப்ளே, ஹெண்ட்ரினா மூன்றும் முன்பு போட்ட அட்டவணைப்படி இந்நேரம் ஒவ்வொன்றாக நின்றிருக்க வேண்டும். கோமாட்டியில் பட்ட சூட்டுக்குப் பிறகு, 2024-இல் எஸ்காம் வாரியம் அவற்றை 2030 வரை ஓட்டுவது என்று தள்ளி வைத்தது. நிலக்கரியை விட்டு மாறுவதற்காக 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் 850 கோடி டாலர் தருவதாகச் சொன்ன ஏற்பாட்டிலிருந்து 2025 மார்ச்சில் அமெரிக்கா விலகிக்கொண்டது. மூடுவதைத் தள்ளிவைத்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். 2030 என்ற எண்ணாவது அச்சில் இருக்கிறது.

அண்ணன் இப்போது மிடெல்பர்க்கில் சின்னதாக ஒரு வெல்டிங் கடை வைத்திருக்கிறார். கேட், கிரில், சூரியத் தகடு நிறுத்தும் சட்டம். போன மாதம் கடைக்குப் போயிருந்தபோது அவரிடம் என் தலைவலியைச் சொன்னேன். எங்கள் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஓவர்ஹாலிங் வருகிறது. நீராவியை இன்னும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் குழாயில் ஒரு பகுதியை மாற்றியாக வேண்டும். மலிவான கலவையில் போட்டால் ஆறு ஏழு வருடம் தாங்கும், நல்ல கலவையில் போட்டால் இருபது. விலை இரண்டு மடங்குக்குப் பக்கம். எதை வாங்குவது என்பது யூனிட் எந்த வருடம் மூடும் என்பதைப் பொறுத்தது. மேலே எழுதிக் கேட்டேன். இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கி வை என்று பதில் வந்தது.

அண்ணன் முகமூடியை ஏற்றிவிட்டுக் கேட்டார். “கோமாட்டியில நாங்க எதைப் போட்டோம், தெரியுமா?”

“எதை அண்ணே?”

“நல்லதை,” என்றார். “இருபது வருஷத்து டியூப்.”